கைப்பிடியுள்ள மௌனம்

பாலே நடனத்தை மேடையிலோ திரையிலோ கண்டவர்கள் நம்மில் பலர் இருக்கலாம். அந்த நடனம் நாள்தோறும் உருவாகின்ற வகுப்பறையைக் கண்டவர்கள் மிகச் சிலரே. பாரிசிலோ லண்டனிலோ ஒரு குழுவின் காலை வகுப்பு பத்து மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்கே ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ஒருவர் ஒரு மூலையில் அமர்ந்து காலணியின் நாடாவைத் தைக்கிறார். இன்னொருவர் தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, கண்மூடிக் கிடக்கிறார். மற்றொருவர் சுவரை நோக்கியபடி அசையாமல் நிற்கிறார். பேச்சு மிகக் குறைவு. சுவரோரமாக, இடுப்புக்குச் சற்று மேலே, நீண்ட மரக்கைப்பிடி ஒன்று ஓடுகிறது. பிரெஞ்சு மொழியில் அதற்குப் ‘பார்’ என்று பெயர். அதில் அவரவர்க்கு வழக்கமான இடம் உண்டு. அறியாமல் ஒரு புதியவர் அங்கே போய் நின்றுவிட்டால் முகம் சுளிக்கும். தம் வழக்கமான பெஞ்சில் வேறொருவர் அமர்ந்திருக்கக் கண்ட நம் பங்கு மக்களின் முகத்தைப் போலவே!

இந்த அரைமணி நேர அமைதிக்கு இக்காலத்தில் மனத்தயாரிப்பு என்றும் தியானம் என்றும் பெயர் சூட்டி நூல்கள் வெளிவருகின்றன. விளையாட்டு வீரர்களுக்கான உளவியலிலிருந்து நேற்றுத்தான் இது நடனத்திற்குள் நுழைந்தது என்று எண்ணுவோரும் உண்டு. வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், பெயர்தான் புதியது, பழக்கம் மிகப் பழையது என்பது விளங்கும். அந்தப் பழைய பழக்கத்தில் இன்றைய நூல்கள் போதிய அழுத்தம் தராத ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

முதலில், தரையில் படுத்திருப்பவரைக் கவனிப்போம். அவர் உறங்கவில்லை. அமெரிக்காவில் மேபெல் டாட் என்னும் அம்மையார், மனத்தில் எழும் படிமம் உடலின் அசைவை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்பதை ஆராய்ந்து, 1937-இல் ‘சிந்திக்கும் உடல்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய மாணவியான லூலு ஸ்வீகார்ட், 1956 முதல் நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் நடன மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பித்தார். அவர் வகுத்த முறை எளியது. மாணவர் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, கைகளை மார்பின்மேல் இளைப்பாற விடவேண்டும். தசை எதையும் முயன்று அசைத்தல் கூடாது. முதுகெலும்பு கீழ்நோக்கி நீள்வதாக, விலாக்கூடு மெல்ல ஒடுங்குவதாக மனத்தில் மட்டும் காணவேண்டும். இவ்வாறு ஒன்பது கோடுகளை அவர் வகுத்தார். வலிந்து நிமிர்கின்ற உடல் விறைத்துப் போகிறது; நிமிர்வை மனத்தில் கண்டபடி காத்திருக்கும் உடலோ இதமாக நிமிர்கிறது என்பது அவருடைய அனுபவம். 1974-இல் அவர் மறைந்தார். அவர் கற்பித்த அந்தக் கிடக்கை இன்றும் நடன அறைகளில் காணக் கிடைக்கிறது.

மணி பத்தாகிறது. ஆசிரியர் வருகிறார். எல்லாரும் எழுந்து இடக்கையைக் கைப்பிடியின்மேல் வைக்கிறார்கள். பற்றிக்கொள்வதில்லை, வைக்கிறார்கள். இறுகப் பிடித்தால் ஆசிரியர் கடிந்துகொள்வார். குதிகால்கள் ஒட்டியிருக்க, பாதங்கள் இருபுறமும் விரிந்திருக்கின்றன. பியானோ நான்கு எண்ணிக்கைக்கு மட்டும் ஒலிக்கிறது. அந்த நான்கு எண்ணிக்கையில் யாரும் நடனம் ஆடுவதில்லை. மூச்சு உள்ளே செல்கிறது. கீழே இருந்த வலக்கை மெல்ல முன்னே எழுந்து பக்கவாட்டில் விரிகிறது. கண்கள் அந்தக் கையைத் தொடர்கின்றன. அவ்வளவுதான். அதன் பிறகே முதல் பயிற்சியாகிய முழங்கால் மடக்கல் தொடங்கும். அந்த நான்கு எண்ணிக்கைக்குப் பாலேயின் மொழியில் ‘பிரெப்பரேசியோன்’, அதாவது ‘தயாரிப்பு’ என்றே பெயர். முதல் பயிற்சிக்கு மட்டுமன்று, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னே அது வரும். ஒன்றரை மணி நேர வகுப்பில் அது எத்தனையோ முறை திரும்பத் திரும்ப வந்துவிடும். அறிவிக்கப்படாத எந்த அசைவும் பாலே வகுப்பில் இல்லை.

இந்த ஒழுங்கின் வேர்கள் பிரான்சு நாட்டு அரசவையில் இருக்கின்றன. 1653-இல், பதினான்கு வயதுச் சிறுவனாயிருந்த பதினான்காம் லூயி மன்னர், ‘இரவின் பாலே’ என்ற நீண்ட ஆட்டத்தின் முடிவில் உதய சூரியனாக வந்து ஆடினார். 1661-இல் அவரே அரச நடனக் கழகத்தை நிறுவினார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் பொஷாம்ப், பாதங்களின் ஐந்து நிலைகளை ஒழுங்குபடுத்தியவராகப் போற்றப்படுகிறார். அரசவையில் ஆடப் புகுபவர் முதலில் மன்னரை நோக்கி வணக்கம் செலுத்தவேண்டும். ‘ரெவெரான்ஸ்’ எனப்படும் அந்த வணக்கம் இன்றும் வகுப்பின் இறுதியில், ஆசிரியரையும் பியானோ வாசித்தவரையும் நோக்கிச் செலுத்தப்படுகிறது. நம் பரதநாட்டியப் பிள்ளைகள் ஆடத் தொடங்குமுன்னும் ஆடி முடித்த பின்னும் நிலத்தைத் தொட்டு வணங்குவதை இங்கே நினைவுகூர்வது தவறாகாது. கலாக்ஷேத்திரத்தை 1936-இல் நிறுவிய ருக்மிணி தேவி, அதற்கு முன்பு அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே பயின்றவர். இருவகை வணக்கத்தையும் தம் உடலால் அறிந்தவர்.

இதே பொஷாம்ப் அரசவைக்கு வெளியே இன்னோர் இடத்திலும் பணியாற்றினார் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். அது பாரிசில் இயேசு சபையினர் நடத்திய கல்லூரி. பின்னாளில் அதற்கு லூயி-லெ-கிராண்ட் என்று பெயர் வந்தது. வால்டேர் படித்ததும் அங்கேதான். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதப் பரிசளிப்பு நாளில் மாணவர்கள் இலத்தீன் மொழியில் ஒரு துன்பியல் நாடகம் நடிப்பார்கள். அதன் அங்கங்களுக்கு இடையே பாலே நடைபெறும். அரச இசையரங்கின் தொழில்முறைக் கலைஞர்களும் மாணவர்களோடு சேர்ந்து ஆடுவார்கள். இயேசு சபையின் 1599-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் நாடகத்தை அளவோடுதான் அனுமதித்தது. பிரெஞ்சு நாட்டுச் சபையினர் அந்த அளவைத் தாராளமாகவே நீட்டிக்கொண்டார்கள் என்று சொல்லவேண்டும். ஜான்செனியர் இதைக் கண்டு முகம் சுளித்தனர். ஆயினும், 1762-இல் கல்லூரி சபையினரின் கையைவிட்டுப் போகும் காலம்வரை அங்கே இந்த மரபு தழைத்தது. 1682-இல் பழைய பாலேகளையும் புதிய பாலேகளையும் பற்றி விரிவான நூல் எழுதியவரும் ஓர் இயேசு சபைக் குருவே. லியோன் நகரில் பிறந்த குளோத்-பிரான்சுவா மெனெஸ்திரியே அவர். உடலின் அசைவு உள்ளத்தின் அசைவை வெளிப்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கல்லூரியை நடத்திய குருக்கள் யாவரும் புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகளில்’ உருவானவர்கள். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்த அந்தச் சிறு நூலில், செபத்திற்கு முந்திய நொடிகளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. தியானிக்கப் போகும் இடத்திற்கு ஓரிரு அடி முன்னதாகவே நின்றுவிட வேண்டும். ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் அப்படியே நின்று, மனத்தை உயர்த்தி, இறைவன் நம்மை எவ்வாறு நோக்குகிறார் என்று எண்ண வேண்டும். பின்பு ஒரு வணக்கம் செலுத்த வேண்டும். அந்த வணக்கத்திற்கு இஞ்ஞாசியார் எழுதிய இஸ்பானியச் சொல் ‘ரெவெரென்சியா’. அரசவையிலும் நடன அறையிலும் வழங்கும் ‘ரெவெரான்ஸ்’ அதன் உடன்பிறப்பு. நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சியாவது போல ஆன்மாவுக்கும் பயிற்சி உண்டு என்றுதான் அந்த நூலே தொடங்குகிறது. பாலேயின் நான்கு எண்ணிக்கை இதிலிருந்து பிறந்தது என்று வாதிட நாம் வரவில்லை. ஒரே நூற்றாண்டில், ஒரே வீட்டில், செபிக்கப் போகிறவரும் ஆடப் போகிறவரும் வாசலில் சற்று நின்றார்கள் என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

நின்றார்கள் என்று எழுதும்போதே நம் நெஞ்சு நம்மைக் குத்துகிறது. அலுவல்களின் நடுவே ஓடி வந்து, ஒரு கையால் திருவுடையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மறு கையால் யாருக்கோ சைகை காட்டியபடி பீடத்தை நோக்கி நடந்த காலைகள் நம் கணக்கில் நிறைய உண்டு. ஓரிரு அடி முன்னே நிற்கும்படி நமக்குப் படிப்பித்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் நின்றதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். என்ரிக்கோ செக்கெட்டி 1850-இல் உரோமை நகரில் ஒரு நாடக அரங்கின் ஒப்பனை அறையில் பிறந்தார் என்பார்கள். பெற்றோர் இருவரும் நடனக் கலைஞர்கள். 1887-இல் இரஷ்யத் தலைநகரமான புனித பீட்டர்ஸ்பர்க் சென்ற அவர், அங்கேயே பல ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். பாவ்லோவா அவரிடம் தனியாகவே பாடம் கேட்டார். கையில் ஒரு பிரம்பு, உதட்டில் சீழ்க்கையாக ஒரு மெட்டு. இந்தக் கோலத்தில்தான் அவருடைய மாணவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். அவருடைய முறையில் கைப்பிடியருகே செய்யும் பயிற்சிகள் நாள்தோறும் ஒரே வரிசையில் அமையும். அதன்பின் அறையின் நடுவே செய்யும் பயிற்சிகள், திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒன்றாக வகுக்கப்பட்டிருக்கும். இந்த வாரத் திங்களன்று செய்ததையே அடுத்த வாரத் திங்களன்றும் செய்யவேண்டும். இந்த முறை 1922-இல் லண்டனில் நூலாகவும் வெளிவந்தது.

வரிசை மாறாமல் இருப்பது சலிப்பைத் தராதா என்று கேட்கத் தோன்றும். திருப்புகழ்மாலையைச் சொல்லி வருகிறவர்களுக்கு இதன் விடை ஓரளவு தெரியும். அடுத்தது என்ன என்று மனம் தேடவேண்டியதில்லை. தேடாத மனம் அமைகிறது. அமைந்த மனம் நேற்று வலித்த கணுக்காலையும் இன்று தாழ்ந்துபோன தோளையும் கவனிக்கிறது. செக்கெட்டி தம் மாணவர்களைக் கண்மூடித் தியானிக்கச் சொல்லவில்லை. ஒரே கைப்பிடி, ஒரே வரிசை, ஒரே மெட்டு, பக்கத்தில் அதே ஆட்கள். மனம் தானாக அடங்கும் சூழலை அவர் உருவாக்கினார். 1928-இல் மிலான் நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே தளர்ந்து விழுந்து மறுநாள் உயிர்நீத்தார்.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரைப் பற்றி இனி எழுதவேண்டும். இந்தக் கட்டுரையை நாம் எழுதத் துணிந்ததே அவரை முன்னிட்டுத்தான்.

வாஸ்லாவ் நிஜின்ஸ்கி, போலந்து நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர். 1909-இல் தியாகிலெவின் குழுவோடு பாரிசுக்கு வந்து, அந்நகரையே மயங்க வைத்தார். அக்குழுவிலும் செக்கெட்டியே வகுப்பு நடத்தினார்; உலகப்புகழ் பெற்றுவிட்ட நிஜின்ஸ்கியும் கைப்பிடியருகே நின்று நாள்தோறும் முழங்கால் மடக்கினார். 1913-இல் ரொமோலா என்னும் ஹங்கேரியப் பெண்ணைத் திருமணம் செய்ததும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பின்பு உலகப்போர் வந்தது. புடாபெஸ்ட் நகரில் வீட்டுக்காவல். இடையில் சில பயணங்கள். 1917-இன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ் மலையூரில் தஞ்சம். அங்கே குழு இல்லை, ஆசிரியர் இல்லை. தாம் தங்கிய வீட்டின் மாடி முகப்பில் தனியே பயிற்சி செய்தார்.

1919 சனவரி 19-ஆம் நாள், அவ்வூர் விடுதி ஒன்றில் விருந்தினர் முன் ஆட ஒப்புக்கொண்டார். இன்று கடவுளோடு தமக்குத் திருமணம் என்று அன்று அவர் கூறியதாக மனைவி எழுதுகிறார். கூடத்தில் மக்கள் காத்திருந்தனர். நிஜின்ஸ்கி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களை நோக்கியபடி அமர்ந்தார்; அமர்ந்தே இருந்தார். பியானோ ஒலித்தது, அவர் எழவில்லை. நேரம் நீண்டது. தொடங்கும்படி மனைவி மெல்லச் சொன்னபோது சினந்தார். பிறகு எழுந்து, கறுப்பும் வெள்ளையுமான வெல்வெட் துணிகளைத் தரையில் சிலுவையாக விரித்து, அதன் தலைப்பக்கம் கைகளை விரித்து நின்று, போரை ஆடிக்காட்டப் போவதாக அறிவித்து ஆடினார். கண்டவர்கள் அஞ்சிப்போயினர். பொதுமக்கள் முன் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே.

அந்நாளிலிருந்து ஆறு வாரங்களுக்கு மேல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று முழுமையாகக் கிடைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கடவுளின் பெயர். 1936-இல் மனைவி அதைச் சுருக்கித்தான் வெளியிட்டார். முழு வடிவம் 1995-இல்தான் வெளிவந்தது. மார்ச் மாதத்தில் சூரிச் நகர மனநல மருத்துவர் ப்ளூலர் அவரைச் சோதித்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி மருத்துவமனைகளில் கழிந்தது.

இதை எழுதும்போது நாம் கவனமாயிருக்க வேண்டும். தனிமையும் மௌனமும் அவரை நோயாளியாக்கின என்று சொல்வது அறியாமை. மனநோய் ஒரு நோய். அவருடைய அண்ணன் ஸ்டானிஸ்லாவும் மனநல மருத்துவமனையில் வாழ்ந்து மறைந்தவர். நோயைப் பாவத்தின் பலன் என்றோ, பேயின் வேலை என்றோ, விசுவாசக் குறைவு என்றோ பேசியவர்கள் நம் பங்குகளில் இருந்ததுண்டு. அவர்களால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் உண்டு. அதைச் செய்தவர்கள் நாமே.

நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் நமக்கு ஒரு வகுப்புத் தோழர் இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கே சிற்றாலயத்தில் இருப்பார். பொதுச் செபத்திற்கு மற்றவர்கள் சென்று சேரும்போது முழந்தாளில் இருப்பார். செபம் முடிந்து உணவறைக்குப் போகும்போதும் அப்படியே இருப்பார். ‘புனிதர்’ என்று அவருக்கு நாம் பெயரிட்டோம். கேலியாக அன்று, சற்றுப் பொறாமையோடு. சில வாரங்களில் கைப்பந்து ஆட வருவதை நிறுத்தினார். பின்பு பேச்சைக் குறைத்தார். மேலும் மேலும் உயரத்துக்குப் போகிறார் என்றே நாம் எண்ணினோம். ஒரு மாலை, முதியவரான ஆன்ம குரு நம்மை அழைத்தார்.

“பிரதர், அவர் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று?”

நமக்குத் தெரியவில்லை. உணவறையில் அவருக்கு அடுத்த இருக்கை நம்முடையது.

“அவர் செபத்தில் இருக்கிறார், சாமி” என்றோம்.

“செபம் பிறகு ஆகட்டும். போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். காலையில் டாக்டரிடம் போகவேண்டும்.”

போய்ப் பிடித்தோம். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது. நாம் பிடித்ததை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை.

அவர் மருத்துவம் பெற்றுத் தேறினார். குருமடத்திற்குத் திரும்பவில்லை. இன்று ஒரு பள்ளியில் ஆசிரியர். மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளனர். பல ஆண்டுகள் கழித்து அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் என்ன செய்திருக்க முடியும், ஃபாதர்?” என்று சிரித்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கலாம். அதைக்கூட நாம் கேட்கவில்லை.

எனவேதான், வகுப்புக்கு முன் கண்மூடி அமருங்கள், எண்ணங்களை விலக்குங்கள், உள்ளே செல்லுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் நூல்களைப் படிக்கும்போது நமக்கு மனம் நிறைவதில்லை. இஞ்ஞாசியார் தம் பயிற்சிகளைத் தனியே புத்தகத்தைப் படித்துச் செய்துகொள்ளும்படி எழுதவில்லை. வழிகாட்டுபவர் ஒருவர் அருகிருந்து, பயிற்சி செய்பவரின் உள்ளத்தில் நிகழ்வதைக் கேட்டறிந்து, தேவையானால் நேரத்தையும் நோன்பையும் மாற்றவேண்டும் என்பதே அவருடைய ஏற்பாடு. ஸ்வீகார்டின் மாணவர் தரையில் தனியே கிடந்தபோதும் ஆசிரியையின் குரல் அறையில் இருந்தது. தேவைப்படும் இடத்தில் அவருடைய கை வந்து தொட்டது. செக்கெட்டியின் மாணவருக்குக் கைப்பிடி இருந்தது. முன்னே ஒரு முதுகும் பின்னே ஒரு மூச்சும் இருந்தன. மனம் எவ்வளவு ஆழத்திற்குப் போனாலும், நான்காவது எண்ணிக்கை முடிந்ததும் முழங்காலை மடக்கியாக வேண்டும். மடக்காமல் ஒருவர் நின்றுவிட்டால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

நிஜின்ஸ்கி 1950 ஏப்ரலில் லண்டனில் காலமானார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றை மனைவி குறித்து வைத்திருக்கிறார். 1945-இல், போர் முடியும் தறுவாயில், அவர்கள் ஹங்கேரியில் மறைந்து வாழ்ந்தார்கள். நிஜின்ஸ்கி பெரும்பாலும் பேசாதவராகவே இருந்த காலம் அது. வயது ஐம்பத்தைந்தைக் கடந்திருந்தது. அவ்வூருக்கு இரஷ்யப் படைவீரர்கள் வந்தனர். இரவில் நெருப்பு மூட்டி, சுற்றி அமர்ந்து, தங்கள் நாட்டுப் பாடல்களைப் பாடி இசைத்தனர். சிறுவயதில் கேட்ட மொழி. சிறுவயதில் கேட்ட மெட்டு. ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்த நிஜின்ஸ்கி எழுந்தார். அவர்களுக்கு நடுவே சென்று ஆடத் தொடங்கினார்.